எண் வருகிறது, பெயர் வரவில்லை

கேள்வி: பல வருடங்களாகச் சேர்த்த எண்கள் என் போனில் பெயரோடு இருக்கின்றன. வெளிநாட்டில் அந்த ஊர் சிம் போட்டிருந்தபோது, சொந்த நாட்டிலிருந்து அழைத்தவர்களில் சிலருக்குப் பெயர் வந்தது, சிலருக்கு வெறும் எண்தான் வந்தது. திரும்பி வந்த பிறகு வேறொரு தொல்லை. எங்கள் அலுவலகத்தின் ஒரு கிளையிலிருந்து அழைத்தால் இன்னொரு ஊர்க் கிளையின் பெயர் காட்டுகிறது. போனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். போன் நன்றாகத்தான் இருக்கிறது, எண்களைப் பதிந்து வைத்த விதத்தில்தான் சிக்கல்.

அழைப்பு வரும்போது நெட்வொர்க் பெரும்பாலும் எண்ணை மட்டும்தான் அனுப்பும். பெயர் உங்கள் போனுக்குள் இருக்கிறது. வந்த எண்ணும் நீங்கள் பதிந்த எண்ணும் ஒன்றுதான் என்று போனுக்குத் தோன்றினால் பெயரைக் காட்டும். ஆனால் ஒரே எண் பல உருவத்தில் வரும். ஓர் உதாரணம் பாருங்கள்: 07700 900123. இது பிரிட்டிஷ் மொபைல் எண். (இந்த வரிசையை அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நாடகம், சினிமாவில் காட்டுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. யாருடைய போனும் அடிக்காது என்பதால் துணிந்து எழுதலாம்.) உள்நாட்டில் அழைக்க 0 போட வேண்டும். வெளியிலிருந்து அழைத்தால் அந்த 0 போய் +44 7700 900123 ஆகிவிடும். கூட்டல் குறி இல்லாத போனில் பல நாடுகளில் 0044 என்று தொடங்க வேண்டும், அமெரிக்காவிலும் கனடாவிலும் 01144, ஜப்பானில் 01044, ஆஸ்திரேலியாவில் 001144. ஆள் ஒருவர், வேஷம் ஆறு.

இத்தனையும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க போன்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. எண்ணை வாலிலிருந்து ஒப்பிடும். ஆண்ட்ராய்டின் பழைய வழி இது: கடைசி 7 இலக்கமாவது ஒத்துப்போக வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றில் 0, இன்னொன்றில் நாட்டுக் குறியீடு என்று மிஞ்சினால் பரவாயில்லை, ஒரே எண்தான். இரண்டில் ஒன்று அங்கேயே முடிந்துவிட்டாலும் ஒரே எண்தான்.

உங்கள் கிளை அலுவலகக் குழப்பம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அந்த எண்ணை ஊர்க் குறியீடு இல்லாமல் பதிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மறுபடியும் சினிமா எண்களிலேயே பார்ப்போம். லீட்ஸ் நகரத்தில் 0113 496 0018, மான்செஸ்டரில் 0161 496 0018. ஒரு கிளையை வெறும் 496 0018 என்று பதிந்தால், எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் வால் பொருந்தும், அந்த ஒரே பெயர்தான் வரும். முழு எண்ணாகப் பதிந்தால் 3-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசத்தில் போன் பிரித்துவிடும். முழு எண் இருந்தும் தவறான பெயர் வருகிறதென்றால், அதே எண் இரண்டு பெயர்களில் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, வெளிநாட்டில் ஏன் சிலருக்கு மட்டும் பெயர் வந்தது? வால் ஒப்பீடு போதாதென்று, இப்போதைய போன்களும் செயலிகளும் பதிந்த எண்ணை முதலில் முழு சர்வதேச எண்ணாக மாற்றிப் பார்ப்பதுண்டு. 0-வில் தொடங்கும் எண் எந்த நாட்டுடையது என்று அதில் எழுதியிருக்காது. அதனால் சிம்மையோ போனின் நாட்டு அமைப்பையோ பார்த்து ஊகிக்கும். புது சிம் போட்டதும் ஊகம் தப்பிவிடும். நீங்கள் கையால் தட்டிப் பதிந்த எண்களில் 0 இருக்கும். மிஸ்டு காலிலிருந்து அப்படியே சேமித்தவற்றில் நெட்வொர்க் கொடுத்த + இருக்கும். பெயர் வந்தது அநேகமாக இரண்டாவது வகையினருக்குத்தான்.

ஆகவே எல்லா எண்ணையும் கூட்டல் குறியோடு பதியுங்கள்: +, நாட்டுக் குறியீடு, பிறகு முன்னால் உள்ள 0 இல்லாத எண். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் + வரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 என்ற எண் முறை இதுதான். நாட்டுக் குறியீடு 1 முதல் 3 இலக்கம், எல்லாம் சேர்த்து 15 இலக்கத்துக்கு மேல் போகாது. + என்பது ஓர் இலக்கமே அல்ல, 'இது சர்வதேச எண், இங்கே என்ன முன்னொட்டு வழக்கமோ அதை நீயே போட்டுக்கொள்' என்று நெட்வொர்க்குக்குச் சொல்லும் குறி. அதனால் 00 என்று பதிந்தாலும் போதுமே என்று விட்டுவிடாதீர்கள், ஜப்பானில் அது வேலை செய்யாது. + போட்டால் உள்நாட்டு அழைப்புக்கு வெளிநாட்டுக் கட்டணம் விழுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். விழாது. நெட்வொர்க்குக்குத் தன் சொந்த நாட்டுக் குறியீடு தெரியும்.

பூஜ்யத்தை எடுக்கும் விதிக்கும் விலக்கு உண்டு. இத்தாலியின் லேண்ட்லைன் எண்களில் 0-வும் எண்ணின் பகுதிதான். ரோம் நகரத்து எண் +39 06 என்றே தொடங்கும், எடுத்துவிட்டால் அழைப்பு போகாது. ரஷ்யாவில் 0-வுக்குப் பதில் 8 போடுவார்கள். அங்கே எடுக்க வேண்டியது அந்த 8. அர்ஜென்டினா இன்னும் வம்பு. மொபைலுக்கு உள்நாட்டில் ஊர்க் குறியீட்டுக்குப் பின்னால் 15 வரும். வெளியிலிருந்து அழைத்தால் அந்த 15 மறைந்து +54-க்கு அடுத்து ஒரு 9 முளைக்கும். மெக்சிகோவிலும் +52-க்குப் பின் ஒரு 1 இருந்தது, 2019-இல் எடுத்துவிட்டார்கள். பழைய எண்கள் இன்னும் உங்களிடம் இருந்தால் அந்த 1-ஐ நீக்கிவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான எண்களை எப்படி மாற்றுவது? சிலர் பட்டியலை ஏற்றுமதி செய்து எக்செல்லில் திறந்து திருத்துகிறார்கள். தயவுசெய்து அப்படியே திறக்காதீர்கள். எண் என்று நினைத்து அது முன்னால் உள்ள 0-வையும் +-ஐயும் தின்றுவிடும். நீளமான எண்ணை 4.47E+11 என்று சுருக்கியும் காட்டும், அப்படியே சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போயே போய்விடும். எண்கள் உள்ள நெடுவரிசை எழுத்தா எண்ணா என்று கேட்கும் இறக்குமதி வழியில் போய் 'உரை' என்று சொல்லுங்கள். ஐம்பது, அறுபது எண்தான் என்றால் கையாலேயே மாற்றிவிடலாம். அடிக்கடி பேசுபவர்களிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், காரில் புளூடூத் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கார்கள் உங்கள் தொடர்புப் பட்டியலைத் தங்களுக்குள் நகல் எடுத்துக்கொண்டு, ஒப்பீட்டையும் தாங்களே செய்கின்றன. போனில் சரியாக வரும் பெயர் கார்த் திரையில் வராமல் போவது இதனால்தான். எண்களைத் திருத்திய பிறகு காரில் போனின் இணைப்பை அழித்து மறுபடி இணைத்தால் புதிய நகல் ஏறும்.