திதிக்குப் போனால் இரட்சிப்பு கெடுமா?

கேள்வி: பெந்தேகோஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்து 2 வருடமாகிறது. கடைசிவரை திருநீறு பூசிய அப்பா போன வருடம் தவறிவிட்டார். தலைத் திவசத்துக்குத் திருப்புவனம் வரச்சொல்லி அண்ணன் கூப்பிடுகிறார். போனால் என் இரட்சிப்பு கெடுமா? அப்பாவுக்கு மோட்சம் உண்டா? அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிய 3,000 ரூபாய் இப்போது தசமபாகத்துக்கு (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) போகிறது. அவர்கள் சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சமாளித்துக்கொள்கிறார்கள்.
- வாசகர், திருமங்கலம்

பதில்: ‘சமாளித்துக்கொள்கிறார்கள்’ என்று எழுத உங்களுக்குக் கை வந்ததா? சர்க்கரை மாத்திரை என்ன தலைவலி மாத்திரையா, தோன்றினால் போட?

உங்கள் வேதத்திலேயே இதற்குப் பெயர் இருக்கிறது: கொர்பான். பெற்றவர்களுக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்பது 1 தீமோத்தேயு 5:8. தசமபாகம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அம்மாவின் காசில் கொடுக்காதீர்கள். பெற்றவளுக்குச் சோறும் மருந்தும் போட்ட பிறகுதான் கோயிலும் சபையும் என்பது என் கட்சி.

அப்பாவுக்கு வருவோம். சைவ சித்தாந்தப்படி ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களும், அதாவது அழுக்குகளும், உயிரைக் கட்டியிருக்கின்றன. நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் இருவினையொப்பு வந்து, மலம் பக்குவப்பட்டு, சிவனருள் பதிந்தால்தான் கட்டு அவிழும். திதி பிள்ளையின் கடன், அவ்வளவுதான். உங்கள் சபையோ கிருபையினால், விசுவாசத்தைக் கொண்டே இரட்சிப்பு என்கிறது. இறந்தவர்களுக்காகச் செபிக்கலாமா என்பதில் கிறிஸ்தவர்களே ஒத்துப்போவதில்லை: கத்தோலிக்கர் நவம்பர் 2-இல் கல்லறைக்குப் போய் உத்தரிக்கும் ஸ்தலத்து (மோட்சத்துக்கு முன் சுத்திகரிக்கப்படும் நிலை) ஆன்மாக்களுக்காக மன்றாடுவார்கள், உங்கள் சபையில் அது கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்பாவின் கணக்கு உங்கள் கையில் இல்லை.

திருப்புவனம் போங்கள். எள்ளும் தண்ணீரும் அண்ணன் இறைக்கட்டும். பிண்டத்தில் கை வைக்க மனம் ஒப்பாவிட்டால் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். வைகைக் கரையில் அம்மா முன்னால் வழக்கு வேண்டாம். சாப்பாட்டில் ‘இது படைத்தது’ என்று யாராவது சொன்னால் 1 கொரிந்தியர் 10-இன்படி அதை மட்டும் ஒதுக்குங்கள். சொல்லாததைத் துருவாதீர்கள்.

3,000-ஐ ஒன்றாம் தேதி அம்மாவின் கணக்கிலேயே போடுங்கள், விட்டுப்போன மாதங்களையும் சேர்த்து. அண்ணன் கையில் கொடுத்தால் மாத்திரைக்கு அவர்கள் அங்கே கேட்டு நிற்க வேண்டியிருக்கும். பிறகு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், விட்டுவிட்டுப் போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாத்திரை கேட்கவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார்.