தங்கையைத் தேடுதல் (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. என் தங்கைக்கு வயது 32. அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணிதம் முதுகலை முடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இடையில் ஒருமுறை, மனநோயாளிகள் தங்கி வழிபடும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைத்தோம். தைப்பொங்கலுக்குப் பிறகு மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்பதே எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலையில், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போவதாக ஆத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனவள் திரும்பவில்லை. ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. வீட்டில் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். மனு ரசீது மட்டும் தந்தார்கள். சின்னத் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருப்பதால், பெரியவள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று பங்காளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கல்யாணம் முடியட்டும், பிறகு தேடலாம் என்கிறார் அப்பச்சி (எங்கள் அப்பா). ஆத்தா இரவில் முகப்புக் கதவைத் தாழிட விடுவதில்லை. நாங்கள் செய்வது சரியா? எங்கே போய்த் தேடுவது?

(பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை)

அன்புள்ள தம்பி,

உங்கள் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கிவிட்டு இதை வெளியிடுகிறேன். இதே நிலையில், யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் வேறு சில வீடுகளும் நம் பக்கத்தில் உண்டு என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது, நீங்கள் மனுவில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரிதான். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு, என் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

என் அம்மான் ஒருவருக்கு இருபத்தைந்து வயதிலேயே இந்த நோய் வந்தது. அப்போது அதற்கு எங்கள் வீட்டில் பெயர் கிடையாது. 'அவனுக்கு மனசு சரியில்லை' என்பதோடு பேச்சு நின்றுவிடும். 1980-களில் ஒருநாள் அவர் வீட்டைவிட்டுப் போனார். ஊரார் கேட்டபோது, ஐயா (அம்மாவின் அப்பா) ஒரே ஒரு பதிலைத்தான் சொன்னார்: 'கொண்டுவிக்கப் போயிருக்கிறான்.' கடல் கடந்து தொழில் செய்யப் போயிருக்கிறான் என்று பொருள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தலைமுறை தலைமுறையாக ஆண்களை அனுப்பிய ஊரில், அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முன்னோர் படைப்புக்கு வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: அம்மான் காணாமல் போன அதே மாதத்தில், மானாமதுரை ரயில் சந்திப்பில், செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். கொண்டுவிக்கக் கிளம்பியவர் ஏதோ வேண்டுதலுக்காக இராமேசுவரம் போகிறார் போலும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாராம். அம்மான் கிடைக்கவேயில்லை. அவரைக் கண்ணால் கண்ட ஒரே மனிதரின் வாயை நாங்களே அடைத்து வைத்திருந்தோம் என்பதை என் ஆயா சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதார்.

உங்கள் தங்கையையும் இந்த ஏழு வாரங்களில் யாராவது பார்த்திருக்கலாம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கடந்து போயிருக்கலாம்.

காவல் நிலையத்திலும் இதே தவறு வேறு வகையில் நடக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு காவல்துறைக்குத் தெளிவான கடமைகளை விதிக்கிறது. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாமல் திரிகிறார் என்று தோன்றும் எவரையும் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து, குடும்பத்தைத் தேடி அறிவிப்பது நிலைய அதிகாரியின் பொறுப்பு. அப்படியானால், எங்கோ ஒரு நிலையத்தில் 'பெயர் சொல்லாத பெண், மனநோயாளி' என்று ஒரு கோப்பு இருக்கக்கூடும். உங்கள் ஊரில் இருக்கும் கோப்போ 'கோபித்துக்கொண்டு போன பெண்' என்கிறது. இவை இரண்டும் ஒருவரைப் பற்றியவை என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே இந்த வாரமே மருத்துவரின் மருந்துச் சீட்டு, நோய் விவரம், அண்மைப் புகைப்படம், உடலிலுள்ள அடையாளங்கள், அன்று உடுத்தியிருந்த உடை எல்லாவற்றையும் சேர்த்துப் புதிய மனு கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதியும்படி கேளுங்கள். வயது வந்த பெண் தானாகத்தானே போயிருக்கிறாள் என்று சொன்னால், நோயைக் காரணமாகக் காட்டி இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் சிவகங்கையில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், மனுதாரராக ஆத்தா இருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினர்கள் சோதிடரையும் குறிகாரரையும் சொல்லியிருப்பார்கள். போகிறவர்களைத் தடுக்க வேண்டாம், ஆனால் உங்கள் நாட்களை அதில் செலவிடாதீர்கள். குணசீலத்திலும் ஏர்வாடி தர்காவிலும் புகைப்படம் கொடுத்து வையுங்கள், தவறில்லை. என்றாலும், விருப்பமில்லாமல் கொண்டுபோய் விட்ட இடத்துக்கு அவள் தானாகத் திரும்பிப் போயிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் மனம் அமைதியாக இருந்த இடங்கள் எவை என்று யோசியுங்கள். அது உங்களைவிடக் கல்லூரித் தோழிகளுக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். பழனியிலும் இராமேசுவரத்திலும் உள்ள நம் நகரத்தார் விடுதிகளில் விசாரியுங்கள். சிறு வயதில் போய்த் தங்கிய இடத்தைக் கால்கள் மறப்பதில்லை. சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மதுரை இராஜாஜி மருத்துவமனை, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் ஆகியவற்றின் மனநலப் பிரிவுகளுக்கு நேரில் போங்கள். வீடற்ற மனநோயாளிகளுக்காக அரசு சில மாவட்டங்களில் நடத்தும் மீட்பு மையங்களையும், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993 முதல் சென்னையில் இயங்கும் பான்யன் போன்ற அமைப்புகளையும் விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடி வழியாக வடநாடு வரை போகும் ரயில்களும் உண்டு என்பதால், தமிழ்நாட்டுக்குள் மட்டும் தேடுவது போதாது. மும்பையைச் சேர்ந்த மனநல மருத்துவர் பரத் வாட்வானி, தெருவில் திரியும் மனநோயாளிகளை அழைத்து வந்து சிகிச்சை கொடுத்து வீடு சேர்ப்பதை 1988 முதல் செய்துவருகிறார்; 2018-இல் அதற்காக மகசேசே விருது பெற்றார். அவருடைய பணி காட்டும் உண்மை ஒன்றை ஆத்தாவிடம் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் சொல்லாதவர்கள், மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தாங்களே ஊரைச் சொல்கிறார்கள். ஏழு வாரங்கள் என்பது நம்பிக்கையை விடுவதற்கான காலம் அல்ல.

நோயை மறைக்க வேண்டாம் என்று நான் சொல்வது காவலர், மருத்துவர், காப்பகங்கள், உறவினர் ஆகியோரிடம்தான். பேருந்து நிலையத்தில் ஒட்டும் சுவரொட்டியில் 'மனநிலை சரியில்லாதவர்' என்று பெரிய எழுத்தில் போடாதீர்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது ஆபத்தை வரவழைக்கும். 'தொடர்ந்து மருந்து தேவைப்படுபவர்' என்றால் போதும். வீட்டுத் தொலைபேசி எண்ணைத் தராமல், இதற்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்துவிட்டோம், முதலில் பணம் அனுப்புங்கள் என்று பேசுகிறவர்கள் கட்டாயம் வருவார்கள். நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அப்பச்சியின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண்ணின் வாழ்வு தடைபடுமோ என்று அஞ்சும் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஆவணி வரை பொறுக்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. பேருந்து நிலையக் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். பார்த்தவர்களின் நினைவும் அப்படித்தான். சம்பந்தி வீட்டாரிடம் இப்போதே நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அக்காள் காணாமல் போனதை மறைத்து மணவறையில் உட்காரச் சின்னவளுக்குச் சம்மதமா என்று யாராவது அவளிடம் கேட்டீர்களா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் கிடைத்தும், வீட்டாரைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லக்கூடும். அவள் வயது வந்தவள். அவள் சம்மதமின்றி விவரங்களைத் தர மருத்துவமனை மறுத்தால், அவளுடைய அந்தரங்கத்தைக் காக்கும் அதே சட்டத்தின்படிதான் மறுக்கிறார்கள். சண்டை போடாமல், ஒரு கடிதத்தை அவளிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். குணசீலத்துக்கு அவளைக் கேட்காமல் கொண்டுபோனதற்கு அதில் வருத்தம் தெரிவியுங்கள். டியூஷன் பிள்ளைகள் அவளை விசாரிப்பதை எழுதுங்கள். எப்போது வருவாய் என்று மட்டும் எழுத வேண்டாம்.

புதிய மனுவின் நகலும் புகைப்படமும் எனக்கு அனுப்பி வையுங்கள். மதுரையிலும் சென்னையிலும் மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள் சிலரை எனக்குத் தெரியும். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி