யார்டுக்கு மதிலா, கம்பி வேலியா?

கேள்வி: வணக்கம்ணா. பெருந்துறைக்கு வெளிய மெயின்ரோட்டை ஒட்டி 30 சென்ட்ல சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடற யார்டு வெச்சிருக்கேன். ஷீட்டு, முட்டுக் குடுக்கற ஜாக்கி, ஸ்பான், மிக்சர் எல்லாம் வெட்டவெளிலதான் கெடக்கு, சுத்தி நாலு வரிசை முள்கம்பி. போன மாசம் 40 ஜாக்கி போச்சு, இந்த மாசம் மிக்சர் மோட்டாரையே கழட்டிட்டு போயிட்டானுங்க. மச்சான் எட்டடிக்கு மதில் கட்டி கண்ணாடித்துண்டு பதிங்கறான், வேலிக்காரர் செயின்லிங்க்கே, அதான் டைமண்ட் ஓட்டை பின்னல் வேலியே, போதும்ங்கறார். போட்டோ அனுப்பிருக்கேன், எதுண்ணா சரி?
— வாசகர், பெருந்துறை

பதில்: தம்பி, நாலு வரிசை முள்கம்பி மாட்டுக்குப் போடறது, மனுஷனுக்கு இல்ல. மச்சான் சொல்ற மதில்ல ஒரு வம்பு இருக்கு, திருடன் ஏறி உள்ள குதிச்சுட்டான்னா அப்புறம் அதே மதில் அவனுக்கு மறைப்பு, ரோட்ல போற வண்டி வெளிச்சம்கூட உள்ள விழாது, பீடி பத்தவெச்சுட்டு நிதானமா மோட்டார் கழட்டலாம். அதனால ரோட்டுப் பக்கம் கண்டிப்பா உள்ள தெரியற வேலிதான். பின்பக்கம் ஆள் நடமாட்டமே இல்லைன்னா அங்க மட்டும் மதில் கட்டிக்கங்க.

செயின்லிங்க் போடறீங்கன்னா கேஜ் பாத்து வாங்குங்க, நம்பர் குறைய குறைய கம்பி தடிப்பு கூடும், 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர்தான், 10 கேஜ் 3.25, விலை கம்மின்னு 12-ஐத்தான் தள்ளி விடுவாங்க. ஆனா எந்த கேஜா இருந்தாலும் செயின்லிங்க்கு ஒரு வீக்னஸ் உண்டு, ஒரே ஒரு கம்பியை வெட்டி திருகி உருவுனா ஜடை பிரியற மாதிரி மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டா விட்டுடும். வெல்டு மெஷ், அதாவது குறுக்கயும் நெடுக்கயும் கம்பி வெச்சு சேர்ற எடத்துல எல்லாம் வெல்டு பண்ணின வலை, அதுல அப்படி உருவ முடியாது. அதுலயே 358 மெஷ்னு ஒண்ணு இருக்கு, 8 கேஜ் கம்பி, ஓட்டை 3 இஞ்ச்சுக்கு அரை இஞ்ச், விரலும் நுழையாது கட்டிங் பிளேயர் மூக்கும் நுழையாது. 30 சென்ட் சதுரமா இருந்தாலே சுத்தளவு 460 அடிகிட்ட வரும், அவ்வளவுக்கும் அதைப் போட்டா கட்டுபடியாகாது. சுத்தி 10 கேஜ் செயின்லிங்க் ஏழடிக்கு, உள்ள மோட்டார், வைப்ரேட்டர், டீசல் கேனுக்கு மட்டும் 358-ல ஒரு கூண்டு. நானா இருந்தா இப்படித்தான் செய்வேன்.

40 ஜாக்கியைத் தோள்ல சுமந்துட்டு எவனும் வேலி ஏற மாட்டான், அடியில மெஷ்ஷைத் தூக்கி உருட்டி விடுவான். அதனால தரையில சின்ன பீம் ஓட்டி மெஷ்ஷோட அடி விளிம்பை காங்கிரீட்டுக்குள்ள புதைச்சிடுங்க. மெஷ்ஷைத் தூண்ல பிடிக்கிற போல்ட்டோட நட்டு உள்பக்கம் வரட்டும், கழட்ட முடியாதபடி ஒரு டேக் வெல்டும் (சின்னப் பொட்டு வெல்டு) வெச்சிடுங்க.

கேட்டுல நானே ஏமாந்திருக்கேன். பெரிய பூட்டா வாங்கிப் போட்டேன், காலைல போனா பூட்டு பூட்டுனபடியே இருக்கு, கேட்டைக் கீல்லருந்து அப்படியே மேல தூக்கி கழட்டி ஓரமா சாய்ச்சு வெச்சிருக்கான்! மேல் கீலுக்கு மேல ஒரு துண்டு ஆங்கிள் வெல்டு பண்ணிருந்தா தூக்கவே முடிஞ்சிருக்காது.

கோவத்துல ஈபி கரண்டை மட்டும் கம்பில விட்டுடாதீங்க, ஆள் செத்தா உள்ள போறது நீங்க. ஷீட்டு ஒவ்வொண்ணுலயும் வெல்டிங்ல ரெண்டெழுத்து போட்டு வெச்சா காயலான் கடைல தேடறப்போ இது என்னுதுன்னு காட்டலாம்.

போட்டோவுல ஒண்ணு பாத்தேன், வேலியோரமா ஷீட்டை இடுப்புயரத்துக்கு அடுக்கி வெச்சிருக்கீங்க, அந்தப் பக்கம் வேப்பமரக் கிளை சரியா அதுக்கு மேல நீட்டிட்டு நிக்குது, திருடனுக்கு ஏறி எறங்க படி போட்ட மாதிரி. வேலிக்காரர் வர்றதுக்கு முன்னாடி அந்த அடுக்கை நாலஞ்சடி உள்ள தள்ளி வெச்சு கிளையை வெட்டி விடுங்க.