கணினி கேள்வி பதில்: விண்டோஸ் 11 ஏறுமா?

கேள்வி: 2018-ல் வாங்கிய ஐ5 லேப்டாப். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் உண்டு. விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை என்கிறது. அதே ஆண்டு தம்பி வாங்கிய ஐ3-ல் ஓடுகிறது. இது என்ன நியாயம்?
– வாசகர், கீழக்கரை

ஐ3, ஐ5 என்பது புராசசரின் வேகத் தரம். வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய்ப் பாருங்கள். ஐ5-7200யூ என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. தம்பியுடையது ஐ3-8130யூ போல எட்டாம் தலைமுறையாக இருக்கும். 2018-ல் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே விற்றன. இன்டெலில் ஏழாம் தலைமுறையின் சில விதிவிலக்குகள் தவிர, எட்டிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும் புராசசர்களின் மைக்ரோசாஃப்ட் பட்டியல் தொடங்குகிறது. ரேம் கூட்டினாலும் இது மாறாது. 1005ஜி1, 1115ஜி4 போல ஒன்றில் தொடங்கும் எண்ணைப் பார்த்து முதல் தலைமுறை என்று பயப்படாதீர்கள். அவை பத்தும் பதினொன்றும்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் 5 2600 பட்டியலில் உண்டு, 2500யூ கிடையாது. 2000 வரிசை என்று பெயர் இருந்தாலும் லேப்டாப்புக்கான அந்தச் சிப்பின் உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பு.

ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் பென்டிரைவ் தயாரித்து, இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறவர்கள் உண்டு. ஓடும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிற கணினியில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பில் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்கு (இஎஸ்யூ) பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசு கேட்காது. 2026 அக்டோபர் வரை ஓட்டிவிட்டு, அதற்குள் முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் லாட்ஜ் வரவேற்பில் இருப்பது ஐ5-9400 டெஸ்க்டாப். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை என்று வந்தது. மெக்கானிக் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு) ஏதோ இயக்கிச் சரிசெய்தார். சில மாதத்தில் மறுபடி அதே செய்தி.
– வாசகர், ராமேஸ்வரம்

சிப்பில் குறையில்லை. இன்டெலில் டிபிஎம் வேலையைச் செய்வது பிடிடி என்ற வசதி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். 2019 வாக்கில் வந்த பல மதர்போர்டுகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் மெக்கானிக் இயக்கியது அதைத்தான். அது தானாக அணைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மதர்போர்டிலுள்ள சிஎம்ஓஎஸ் பேட்டரியை, அதாவது பயாஸ் அமைப்புகளையும் தேதியையும் காக்கும் வட்ட பேட்டரியை. அது தீர்ந்ததும், மின்சாரம் நின்றுவரும் ஒவ்வொரு முறையும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கணினியை ஆன் செய்ததும் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டரி சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பேட்டரி உட்காரும் உலோக நாக்கில் பச்சை பூத்திருக்கும். புது பேட்டரி போட்டும் பலன் இல்லாமல் போவது இதனால்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

பிறகு பயாஸுக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, பிடிடியை இயக்கி, பூட் முறை (கணினி தொடங்கும் விதம்) புதிய யூஇஎஃப்ஐ-யில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே லெகசி என்ற பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால் இதை மட்டும் மாற்றினால் கணினி பூட் ஆகாது. வட்டு எம்பிஆர் என்ற பழைய பகுப்பு அமைப்பில் இருக்கும். விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் வட்டை முதலில் ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றிவிட்டு, அப்புறம் யூஇஎஃப்ஐ-க்குப் போங்கள். தரவு அழியாது என்றாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முன்பே தாளில் எழுதி வையுங்கள். பயாஸை மாற்றியபின் அதைக் கேட்கும் வாய்ப்பு அதிகம். எண் இல்லையென்றால் உள்ளே போக வழியில்லை.

கேள்வி: இ-சேவை மையத்தில் புது லேப்டாப். குரோமை டீஃபால்ட் ஆக்கியும் பட்டா, வில்லங்கச் சான்று பிடிஎஃப் எல்லாம் எட்ஜில்தான் திறக்கின்றன.
– வாசகி, தொண்டி

செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய் குரோமைத் தேர்ந்து மேலே உள்ள பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அது இணைய இணைப்புகளையும் எச்டிஎம்எல் கோப்புகளையும் மட்டுமே மாற்றும். பிடிஎஃப் தனி. அதே டீஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தின் மேல்பெட்டியில் புள்ளி போட்டு பிடிஎஃப் (.pdf) என்று ஆங்கில எழுத்தில் தட்டி, வரும் பட்டியலில் வேண்டிய ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் எடுக்க மட்டும்தான் என்றால் எட்ஜே போதும் என்பேன்.

டாஸ்க்பார் தேடலிலும் விட்ஜெட்டிலும் வரும் இணைப்புகள் மட்டும் நம் நாட்டில் எட்ஜில்தான் திறக்கும். அதை மாற்ற செட்டிங்ஸில் இடம் இல்லை.

கேள்வி: புராசசர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் இப்போது இருப்பது 32 பிட் விண்டோஸ் 10. அப்படியே மேலேற்றலாமா?
– வாசகர், மண்டபம்

முடியாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். 32 பிட் மென்பொருள்கள் ஓடும், 16 பிட் காலத்துப் பழைய கணக்கு மென்பொருள் ஓடாது. பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வட்டை அழியுங்கள்.