எட்டெழுத்துச் சாதகம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சிங்கப்பூரில் ஒரு சீனப் பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது, அப்புறம் பன்னிரண்டு வருடம் தெரிந்தவர்களுக்குப் பார்த்தது, என் தகுதி அவ்வளவுதான். சீனத்தில் இந்த ஜாதக முறைக்குப் பெயர் 'பா ட்ஸு', எட்டு எழுத்து. (சிலர் 'பாசி' என்று எழுதுகிறார்கள், எனக்குக் குளத்தங்கரைதான் ஞாபகம் வருகிறது.) வருடம், மாதம், நாள், நேரம் என்று நான்கு தூண்கள், ஒவ்வொன்றிலும் மேலே ஐந்து பூதங்களில் ஒன்றைக் குறிக்கும் ஓர் எழுத்து, கீழே பன்னிரண்டு விலங்குகளில் ஒன்றைக் குறிக்கும் ஓர் எழுத்து. கேட்கிறவர்கள் பிறந்த ஊரையும் எழுதுங்கள், வெறும் கடிகார நேரம் போதாது. இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

கே: நம்ம பஞ்சபூதம்தானே இது?

இல்லை. நம் பட்டியலில் காற்றும் ஆகாயமும் உண்டு. அவர்களிடம் அவை இல்லை, மரமும் உலோகமும் இருக்கின்றன. பொருள் என்பதைவிடப் போக்கு என்று எடுத்துக்கொண்டால் சுலபம். மரம் எரிந்து நெருப்பு, சாம்பல் மண், மண்ணுக்குள் உலோகம், உலோகத்திலிருந்து நீர், நீரால் மரம். இது வளர்க்கும் வட்டம். அடக்கும் வட்டத்தில் மரம் மண்ணைத் துளைக்கும், மண் நீரை அடைக்கும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். பலன் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வட்டத்துக்குள்தான்.

கே: 1988 பிப்ரவரி 10, பினாங்கு. நான் முயலா, டிராகனா? வீட்டில் சண்டை.

இரண்டு பக்கமும் சரி. அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, அதனால் ஊர்ப் பேச்சில் நீங்கள் முயல். எட்டெழுத்துக்குச் சந்திரன் கணக்கு கிடையாது, சூரியன்தான். வசந்தத் தொடக்கமான 'லி சுன்', பிப்ரவரி 4 வாக்கில், வந்ததும் வருடம் மாறிவிடும். ஆகவே இங்கே டிராகன், அதிலும் மண் டிராகன். ஆனால் வருடம் நான்கில் ஒரு தூண்தான், அதை வைத்து ரொம்ப ஆடாதீர்கள்.

கே: அண்ணே, 1976 ஜூன் 12, சிங்கப்பூர், இரவு 11.20, ஆண். ஏழு வேலை மாறியாச்சு. 2018ல் சொந்தக் கடையும் மூடினேன். ஒருத்தர் ஜாதகத்தில் உலோகமே இல்லை, தங்கம் போடு என்கிறார். போடவா?

தங்கத்தை விடுங்கள், முதலில் மணியைப் பார்ப்போம். 1981 கடைசி வரை சிங்கப்பூர்க் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது, 1982 ஜனவரி 1 முதல்தான் எட்டு மணி. ஊர் இருக்கும் தீர்க்கரேகைப்படி உண்மையான வித்தியாசம் சுமார் 6 மணி 55 நிமிடம். அதாவது உங்கள் 11.20 சூரியக் கணக்கில் 10.45. ஒரு நாளுக்குப் பன்னிரண்டு விலங்கு நேரம், ஒவ்வொன்றும் இரண்டு மணி. எலி நேரம் 11 மணிக்குத்தான் தொடங்கும், நீங்கள் அதற்கு முந்தைய பன்றி நேரம்.

தூண்கள்: நெருப்பு டிராகன் வருடம், மரக் குதிரை மாதம், மர ஆடு நாள், நெருப்புப் பன்றி நேரம். நாள் தூணின் மேலெழுத்துத்தான் 'நான்'. உங்களுக்கு அது 'யீ', யின் மரம் (ஒவ்வொரு பூதத்திலும் யாங் வன்மைப் பக்கம், யின் மென்மைப் பக்கம்), அதாவது கொடி, புல். மற்ற எதையும் எண்ணுவதற்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும். குதிரை மாதம் கோடையின் உச்சி. நடுவெயிலில் ஒரு கொடி, தலைக்கு மேலே சூரியன் ('பிங்'), பக்கத்தில் விளக்கு ('டிங்'), தண்ணீர் என்று சொல்லும்படி இருப்பது நேரத் தூணின் பன்றிக்குள் மட்டும்தான் (ஒவ்வொரு விலங்குக்குள்ளும் பூதங்கள் மறைந்திருக்கும்). டிராகனுக்குள் கொஞ்சம் ஈரம் உண்டு, தாகம் தீராது.

மரம் பெற்றெடுப்பது நெருப்பு, ஆகவே நெருப்பு உங்களிடமிருந்து வெளியே போவது: பேச்சு, கைத்திறன், யோசனை. மரத்தை வெட்டும் உலோகம் மேலதிகாரி, சட்டம், ஒழுங்கு. உங்களிடம் உலோகம் மறைந்துகூட இல்லை, நெருப்போ கொழுந்துவிடுகிறது. இந்த யாங் நெருப்புக்கு உங்கள் கணக்கில் பெயரே 'அதிகாரியைக் காயப்படுத்துவது'. ஏழு வேலைக்கும் காரணம் மேனேஜர்தான் என்று நீங்கள் சொன்னால் நம்புவேன், மேனேஜரையும் ஒரு வார்த்தை கேட்பேன்.

இனி பத்து வருடக் கட்டங்கள். யாங் வருடத்தில் பிறந்த ஆண் என்பதால் முன்னோக்கி எண்ண வேண்டும். பிறந்ததிலிருந்து அடுத்த சூரிய மாதத் தொடக்கத்துக்கு எத்தனை நாளோ அதை மூன்றால் வகுத்தால் முதல் கட்டம் தொடங்கும் வயது, உங்களுக்கு எட்டு. 38 முதல் 48 வரை மண் நாய். நாய் உங்கள் டிராகனோடு மோதி, இருந்த ஈரத்தையும் உறிஞ்சும். 2018ம் மண் நாய் வருடம், ஆக இரட்டை நாய். (கடை மூடியதை நீங்கள் சொன்ன பிறகுதான் இது என் கண்ணில் பட்டது, அதையும் கணக்கில் வையுங்கள்.) இப்போது ஓடுவது மண் பன்றி, தண்ணீர் வருகிறது. உங்களுக்கு நீர் என்றால் படிப்பு, ஆதரவு, ஓய்வு. ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், சான்றிதழ் வாங்குங்கள்.

தங்கமா? 'இல்லாததைச் சேர்' என்பது மருந்துக்கடையில் காலியான தட்டைப் பார்த்து மாத்திரை வாங்குவது மாதிரி. எது தேவை என்பதுதான் கேள்வி, எது இல்லை என்பது வேறு கேள்வி. சீனர்களே குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது உலோகம் குறைவென்றால் மூன்று உலோகம் அடுக்கிய 'சின்' எழுத்தைச் சேர்ப்பதுண்டு, அதற்குக் காசு செலவில்லை, போகட்டும். கல், வளையல், பித்தளைத் தவளைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கே (ஈப்போவிலிருந்து): சார், 11 மணி ஆனாலே அடுத்த நாள்தான். நீங்கள் நிமிடம் கழித்துக் குழப்புகிறீர்கள்.

நான் கழித்ததால்தான் அந்தக் குழப்பம் அவருக்கு வரவில்லை! எலி நேரம் 11 முதல் 1 வரை. பழைய முறைக்காரர்கள் 11க்கே நாளை மாற்றுவார்கள். இன்னொரு கட்சி, 12 வரை பழைய நாள், நேர எழுத்து மட்டும் அடுத்த நாள் கணக்கு என்கும். ஹாங்காங்கிலும் தைவானிலும் இது இன்னும் தீரவில்லை, இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை.

கே (மறுபடி ஈப்போ): தீர்ந்துவிட்டது, 11தான். என் குரு முப்பது வருடம் பார்த்தவர்.

என் குரு நாற்பது. அவர் 12 கட்சி. இப்போது என்ன செய்யலாம்?

கே (கோயம்புத்தூர்): நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தானே நாள் தொடங்குகிறது?

தம்பி, இரண்டு பேர் அடித்துக்கொள்ளும்போது மூன்றாவது கட்சி ஆரம்பிக்காதீர்கள். அது நம் முறைக்குச் சரி, இங்கே உதயம் நாளை மாற்றாது. ஈப்போ சாருக்கு ஒரே ஒரு பதில்: 11 கட்சிப்படி எலி நேரம் என்றால் 1976காரரின் நாள் தூண் நெருப்புக் குரங்கு ஆகிவிடும். கொடி போய் ஆள் சூரியனாகவே நிற்பார், அதோடு நான் மேலே எழுதியது முழுக்கக் குப்பை. ஒரு மனிதரின் வாழ்க்கையே மாறும் இடத்தில் முப்பத்தைந்து நிமிடத்தைக் கழிக்க என்ன சோம்பல்?

கே: 1998, கண்டி, காலை 5.10.

ஊரை எழுதியதற்கு நன்றி அக்கா. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது, 1998ல் அரை மணி. அதைக் கழித்தால் 4.40, புலி நேரம். வன்னியில் பிறந்திருந்தால் வேறு கதை, அங்கே புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். தூண்களுக்குத் தேதியும் வேண்டும், அனுப்புங்கள்.

கே: 2026 நெருப்புக் குதிரை வருடமாமே, பெண் குழந்தை ஆகாதாமே?

ஜப்பானில் இந்தப் பயம் பலமாக இருந்தது. முந்தைய நெருப்புக் குதிரை 1966, அந்த வருடம் அங்கே பிறப்பு 18.2 லட்சத்திலிருந்து 13.6 லட்சமாக விழுந்தது. ஒற்றைத் தூணைப் பார்த்துப் பயந்த கூத்து. குழந்தையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கே: நான் டிராகன், எனக்கு லக்கா?

மேலே படியுங்கள்.

கே: நான் புலி, மனைவி ஆடு. ஒத்துப்போகுமா?

மேலே.

கே: பாம்பு வருடம், எந்தக் கல் போடலாம்?

போட வேண்டாம்.

கே: அண்ணே, 1976தான். அம்மாவிடம் கேட்டேன். 11.20 என்பது பாட்டி சொன்னதாம். ஆஸ்பத்திரி அட்டையில் 11.50 இருக்கிறது.

11.50ல் முப்பத்தைந்து போனால் 11.15. எலி நேரம். தம்பி, இதை முதலில் கேட்டிருக்கக் கூடாதா? ஈப்போ சார், இனி ஆள் உங்களுடையவர், நெருப்புக் குரங்கென்று படித்துச் சொல்லுங்கள். என் கணக்கில் நாள் அதே கொடிதான், பன்றி போய் எலி வந்தாலும் தண்ணீர் தண்ணீரே, நாளைக்குத் திருத்தி எழுதுகிறேன். இங்கே மணி 11.40, நாளை என்பது எப்போது என்று கேட்காதீர்கள்.