பேண்டன் டியூன்ஸில் நான்கு நாள்: எந்தத் திடலில் எத்தனை சுற்று?

பினாங்கு பாயான் லெப்பாஸில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற பொறியியலாளர். அவருடைய மகன் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வேலை செய்கிறார். வரும் செப்டம்பரில் மகனைப் பார்க்கச் செல்லும்போது, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த மூன்று நண்பர்களையும் அழைத்துக்கொண்டு பேண்டன் டியூன்ஸ் கோல்ஃப் விடுதியில் ஐந்து இரவுகள் தங்க விரும்புகிறார். நால்வரும் பதினெட்டு ஹாண்டிகேப்புக்கு அருகில் ஆடும், நடுத்தரத் திறமையுள்ளவர்கள். ஒருவருக்கு முழங்கால் வலி உண்டு. முகவர் ஒருவர் "நான்கு முழு நாட்கள், எட்டுச் சுற்றுகள், ஐந்து திடல்களும் அடக்கம்" என்று ஒரு தொகுப்பைக் காட்டி முன்பணம் கேட்கிறார். எட்டுச் சுற்றுகளை ஐந்து திடல்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்பது வாசகரின் கேள்வி.

ஐயா, எட்டைப் பங்கிட வேண்டாம். ஐந்து சுற்றுகள் ஆடுங்கள். அந்த ஐந்தையும் திடலுக்கு ஒன்றாகப் பிரிக்காமல், ஒரு திடலை விட்டுவிட்டு இன்னொன்றை இரண்டு முறை ஆடுங்கள். விடவேண்டியது பேண்டன் டிரெய்ல்ஸ். இரண்டு முறை ஆடவேண்டியது பசிஃபிக் டியூன்ஸ். உங்கள் முகவரின் அட்டவணையில் இதற்கு நேர்மாறாக டிரெய்ல்ஸ் இரண்டு முறை வருகிறது. அந்தத் திடலில் தொடக்க நேரம் எளிதாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எட்டு ஏன் கூடாது என்பதற்கு முதற்காரணம், அங்கே திடலுக்குள் ஏறிச் செல்லும் பக்கி வண்டி கிடையாது என்பதுதான். இதை உங்கள் முகவர் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பேண்டன் டியூன்ஸ் முழுக்க முழுக்க நடந்தே ஆடவேண்டிய இடம். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நடக்கவேண்டும். அதுவும் மணல்மேட்டில் ஏறி இறங்கி, எதிர்க்காற்றில். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நான்கு நாட்கள் ஆடினால் எண்பது கிலோமீட்டர் ஆகிவிடும். பக்கியில் ஏறிப் பந்துக்குப் பக்கத்திலேயே இறங்கிப் பழகிய நம்மவர்கள், வாழ்க்கையில் ஒரு முறை போகும் பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதற்காகவா இவ்வளவு செலவு செய்கிறோம்?

பக்கிக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை வைத்துத்தான் முகவர்கள் "எல்லாம் பேசி வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று வாய்ப்பந்தல் போடுகிறார்கள். நிரந்தர உடற்குறை உள்ளவர்களுக்கு, அதை மருத்துவ ஆவணத்தோடு உறுதிப்படுத்தி முன்கூட்டியே ஏற்பாடு செய்தால், வண்டி தருவார்கள். நிரந்தரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வயதாகிவிட்டது என்பது காரணமாகாது. போன மாதம் கால் சுளுக்கிக்கொண்டது என்பதும் காரணமாகாது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்பது நம் வயதில் எல்லோருக்கும் உள்ள நிலைமை. அதற்குப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிய எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டு அங்கே செல்லாது. உங்கள் நண்பருடைய முழங்கால் உண்மையிலேயே நிரந்தரமாகப் பழுதுபட்டது என்றால், அவருக்குச் சிகிச்சையளிக்கும் எலும்பு மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி, விடுதிக்கு நீங்களே நேரடியாக அனுப்பி, எழுத்துமூலம் பதில் வந்த பிறகு மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்லும் "ஓகே" பதிலாகாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கேட்டுப் பெறலாம் என்பதும் நடக்காது. ஆவணம் இல்லையென்றால் அவர் நடக்கவேண்டும், அல்லது ஆடாமல் இருக்கவேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

நடப்பவர்களுக்குத் தள்ளுவண்டி கிடைக்கும், பை சுமக்கும் கேடியும் கிடைப்பார். முதல் மூன்று சுற்றுகளுக்காவது கேடி வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குரிய கூலி திடல் கட்டணத்தில் சேராது. ஒவ்வொரு பைக்கும் தனியாக, அவர் கையிலேயே, அன்பளிப்புடன் கொடுக்கவேண்டும். "எல்லாம் அடக்கம்" என்ற தொகுப்பில் அடங்காத பெருஞ்செலவு இதுதான்.

இரண்டாவது காரணம் தரையும் காற்றும். புக்கிட் ஜாவியிலோ நம் கோலாலம்பூர்த் திடல்களிலோ ஃபேர்வேயில், அதாவது பந்தை அடித்துச் செல்லும் பாதையில், இருப்பது பெரும்பாலும் கவ் கிராஸ் எனப்படும் அகல இலைப் புல். மழையில் ஊறிய தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். பேண்டனில் இருப்பது மணல்மேல் வளர்ந்த மெல்லிய ஃபெஸ்கியு புல். தரை கெட்டியாக இருக்கும், பந்து விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். உயரத் தூக்கி அடித்தால் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். குழி இருக்கும் கிரீன் புல்தரைக்கு முப்பது அடி வெளியில் நிற்கும்போது நம் கை தானாகப் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை எடுக்கும். கேடி அதை வாங்கிப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு, பந்தைத் தரையோடு உருட்டும் பட்டர் மட்டையை நீட்டி, கொடியை விட்டுப் பத்தடி இடப்பக்கம் உள்ள ஒரு மேட்டைக் காட்டி அங்கே தட்டச் சொல்வார். பந்து அந்த மேட்டில் ஏறி, வளைந்து, கொடியை நோக்கி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நமக்கு நம்பிக்கை வரும். இதைப் பழகுவதற்கு ஒரு முழுச் சுற்று செலவாகிவிடும். எனவே மிக நல்ல திடலை முதல் நாளில் ஆடி வீணாக்கக் கூடாது.

முதல் நாள் காலை ஓல்டு மெக்டொனால்டில் தொடங்குங்கள். டாம் டோக், ஜிம் அர்பினா இருவரும் வடிவமைத்து 2010இல் திறந்த திடல் இது. ஃபேர்வேக்கள் அகலமானவை, கிரீன்கள் மிகப் பெரியவை. பந்தைத் தொலைப்பது கடினம், மூன்று முறை பட் செய்வது எளிது. தரையோடு ஆடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை அந்த வளாகத்தில் இல்லை. அன்று பிற்பகல் வேறு சுற்று வேண்டாம். பசிஃபிக் டியூன்ஸ் கிளப் கட்டடத்துக்கு அருகில் பஞ்ச்போல் என்ற பெரிய பட்டிங் திடல் இருக்கிறது, அங்கே போய் நால்வரும் பந்தயம் கட்டி விளையாடுங்கள்.

இரண்டாம் நாள் காலை பசிஃபிக் டியூன்ஸ். பிற்பகலில் 13 குழிகள் கொண்ட பேண்டன் பிரிசர்வ். எல்லாமே பார் மூன்று, அதாவது மூன்று அடியில் முடிக்கவேண்டிய குட்டையான குழிகள் என்பதால் முழங்கால்காரரும் சேர்ந்துகொள்ளலாம். மூன்றாம் நாள் காலை ஷீப் ரேஞ்ச். 2020இல் திறந்த இத்திடலில் பங்கர் எனும் மணற்பள்ளமே கிடையாது, ஒன்பது கிரீன்கள் பாறை விளிம்பில் இருக்கின்றன. மற்றவற்றோடு ஒப்பிட்டால் நடப்பதற்கும் எளிது. காற்று மட்டும் முகத்தில் அறையும். அன்று பிற்பகல் கால் தாங்குபவர்கள் மட்டும் பேண்டன் டியூன்ஸ் திடலில் இரண்டாம் சுற்றாக ஆடலாம். 1999இல் டேவிட் மெக்லே கிட் அமைத்த இந்த முதல் திடலை வைத்துத்தான் விடுதியே பெயர் பெற்றது. செப்டம்பர் நடுவில் அங்கே சூரியன் மாலை ஏழரைக்குள் மறைந்துவிடும் என்பதால், பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் தொடங்கும் நேரத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான்காம் நாள் காலை மீண்டும் பசிஃபிக் டியூன்ஸ்.

ஒரே திடலை இரண்டு முறை ஆடுவது பணத்துக்குக் கேடு என்று உங்கள் நண்பர் ஒருவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் பசிஃபிக் டியூன்ஸின் நான்காம் குழியையும் பதின்மூன்றாம் குழியையும் பற்றிச் சொல்லுங்கள். இரண்டும் பார் நான்கு, இரண்டும் கடலோரம். நான்காவது தெற்கு நோக்கிப் போகிறது, கடல் வலப்பக்கம். பதின்மூன்றாவது வடக்கு நோக்கிப் போகிறது, கடல் இடப்பக்கம். கோடைக்காலத்தில் அங்கே பெரும்பாலும் வடகாற்று வீசும். அன்று நான்காவது குழியில் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டு போகும், பதின்மூன்றாவதில் அதே காற்று மார்பில் மோதும். தெற்கிலிருந்து மழைக்காற்று திரும்பிவிட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், நேற்று எடுத்த மட்டை இன்று உதவாது. பின் ஒன்பது குழிகளின் அமைப்பும் வழக்கமானதன்று: பார் மூன்று குழிகள் நான்கு, பார் ஐந்து மூன்று, பார் நான்கு இரண்டே இரண்டு. பத்தாவதும் பதினோராவதும் அடுத்தடுத்து பார் மூன்று. முதல் முறை ஆடும்போது கடலைப் பார்த்துக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று கேடியிடம் கேட்டுக்கொண்டே சுற்று முடிந்துவிடும். இரண்டாம் முறைதான் கோல்ஃப் ஆடுவீர்கள்.

டிரெய்ல்ஸ் மோசமான திடல் அன்று. பில் கூர், பென் கிரென்ஷா அமைத்து 2005இல் திறந்த அதை, ஐந்திலும் சிறந்தது என்று சொல்லும் விவரமறிந்தவர்கள் பலர் உண்டு. மணல்மேட்டில் தொடங்கி, புல்வெளியையும் காட்டையும் கடந்து மீண்டும் மணல்மேட்டில் முடிகிறது. ஆனால் ஐந்திலும் கடுமையான நடை அதுதான், கடலோரக் குழி ஒன்றுகூட இல்லை. மரங்களுக்கு நடுவே ஆடுவதற்கு நம் நாட்டில் இடமா இல்லை? ஒரு நாள் காற்று ஷீப் ரேஞ்சில் நிற்கவே விடாத அளவுக்கு அடித்தால், மரங்களின் மறைவு இருக்கும் டிரெய்ல்ஸுக்கு மாற்றித் தரமுடியுமா என்று அன்று காலையில் கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் அதற்காக இடம் ஒதுக்கி வைக்கவேண்டியதில்லை.

அந்தத் திடல்களில் கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதர் இருக்கிறது. 1936இல் பேண்டன் ஊரே தீப்பற்றி எரிந்தபோது அந்தத் தீயை வளர்த்தது எண்ணெய் நிறைந்த இந்தப் புதர்தான். அதற்குள் போன பந்தைத் தேடிக் கையை விடாதீர்கள்.

அதே நாளில் ஆடும் இரண்டாவது சுற்றுக்குப் பாதிக் கட்டணம் வாங்குவது அங்கே நெடுங்கால வழக்கம். எட்டுச் சுற்றுத் தொகுப்பின் இரகசியம் இதில்தான் இருக்கிறது. முகவர் உங்களிடம் எட்டு முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, விடுதிக்கு நான்கு முழுக் கட்டணமும் நான்கு பாதிக் கட்டணமும் கட்டினால் மீதி யாருக்குப் போகிறது? சுற்றுகள் கூடக்கூட அவருக்கு இலாபம், உங்களுக்குக் கால்வலி. சுற்றுவாரியாகக் கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்புகிறவரிடம் அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் உங்களுக்கு முகவரே தேவையில்லை. அறையையும் தொடக்க நேரங்களையும் விடுதியே நேரடியாகச் சேர்த்துப் பதிவு செய்து தருகிறது. நல்ல மாதங்கள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடுகின்றன என்பதால், இந்த செப்டம்பருக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது என்று அவர் சொன்னால், உங்கள் பெயருள்ள விடுதியின் உறுதிக் கடிதத்தைக் கேளுங்கள். "ஆண்டின் முற்பகுதியிலேயே கோட்டா வாங்கி வைத்திருக்கிறோம்" என்பது கடிதம் ஆகாது.

விசா இல்லாமல் பணம் கட்டவே கூடாது. மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்காவில் விசா விலக்கு இல்லை. சிங்கப்பூர்க்காரர் இணையத்தில் பெறும் அனுமதியோடு விமானம் ஏறிவிடுவார். நீங்கள் நால்வரும் பினாங்கிலிருந்து கிளம்பி, கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில் சில நிமிட நேர்காணலுக்காக வந்து நிற்கவேண்டும். ஆண்டுகள் எத்தனை ஆனாலும் இந்த நடைமுறையைச் சீராக்க எவருக்கும் மனம் வரவில்லை. நேர்காணல் தேதி கிடைத்து, நால்வருக்கும் விசா ஒட்டப்பட்ட பிறகுதான் திரும்பப் பெறமுடியாத எந்தத் தொகையையும் செலுத்தவேண்டும்.

அங்கே போய்ச் சேரும் நாளில் ஆட்டம் வேண்டாம். ஓரிகனுக்கும் நமக்கும் செப்டம்பரில் பதினைந்து மணிநேர வேறுபாடு. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நார்த் பெண்ட் விமான நிலையத்துக்குச் சிறு விமானம் உண்டு, அங்கிருந்து விடுதிக்கு அரைமணி நேரப் பயணம். மகன் போர்ட்லண்ட் பக்கம் இருந்தால் காரில் நாலரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். "மதியம் தரையிறங்கி மாலையில் முதல் சுற்று" என்று எழுதும் முகவர் அந்தச் சாலையைப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே, வாரம் ஒரு சுற்றைப் பக்கி இல்லாமல் ஆடுங்கள். உங்கள் கிளப்பில் பக்கி கட்டாயம் என்று விதி இருந்தால், பினாங்கு தாவரப் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையில், நான்கு நாள் தொடர்ந்து, பேண்டனில் போடப்போகும் அதே காலணியோடு ஏறிப் பாருங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால், சுற்றுலாத் தொழில் சட்டம் 1992இன் கீழ் அவர் பெற்ற உரிம எண்ணைக் கேட்டு, அதைச் சுற்றுலா அமைச்சில் சரிபாருங்கள். விடுதியின் உறுதிக் கடிதத்துக்கு இரண்டு வாரக் கெடு வைத்து எழுத்துமூலம் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் வங்கி இரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். கடிதமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கையை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம். மனு பதிவுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம்.