நர்ஸக்காவைக் கேளுங்க: 'எனக்கு என்னன்னு நீயாவது சொல்லு அம்மிணி'

கேள்வி: அக்கா, ஈரோட்டுல ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கனுங்க. அந்தியூர் பக்கத்துல இருந்து ஒரு அப்பாரு அட்மிட் ஆயிருக்காரு, வயித்துல கேன்சர். பையன் 'அப்பாட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம், யாரும் வாய் தொறக்காதீங்க'ன்னுட்டாரு. நைட் டூட்டில ட்ரிப் மாத்தப் போனா அவரு கையப் புடிச்சுட்டு 'எனக்கு என்னன்னு நீயாவது சொல்லு அம்மிணி'ங்கறாரு. அடுத்த வாரம் கீமோ. என்னக்கா பண்றது?

பதில்: 'அல்சர்தானுங்க'ன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. அதுக்குன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு நீயே போட்டு உடைக்கவும் கூடாது, நோய் இன்னதுன்னு சொல்றது டாக்டர் வேலை, ஏன்னா அடுத்து 'வைத்தியத்துக்கு கேக்குமா, எத்தன நாள் இருப்பன்'னு கேப்பாரு, அதுக்கு உங்கிட்ட பதில் இருக்காது. கொஞ்சம் உக்காந்து 'ஏனுங்க அப்படி கேக்கறீங்க, டாக்டர் என்னங்க சொன்னாரு'ன்னு திருப்பிக் கேளு. பல பேருக்கு மனசுல பட்டிருக்கும், பக்கத்து பெட்டுல முடி கொட்டிப் படுத்திருக்கறவங்கள பாக்கறவருகிட்ட அல்சர் கதை எத்தன நாளைக்கு ஓடும்? முழுசா தெரிஞ்சுக்கணும்னு சொன்னாருன்னா, காலைல டாக்டர்ட்ட சொல்றேன்னு சொல்லிட்டு, அவரு கேட்டத கேட்டபடியே நர்ஸஸ் நோட்ஸ்ல எழுதி, அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு ஒப்படைக்கற ஹேண்டோவர்லயும் சொல்லு. சில பேரு 'எனக்கு வேண்டாம் சாமி, பையன்ட்டயே சொல்லிக்கங்க'ம்பாங்க, அதுவும் அவங்க முடிவுதான், அதையும் எழுது.

பையன் மேல கோவப்படாத, பாசத்துலதான் மறைக்கறாரு. ஆனா பையன் கையெழுத்து போட்டா போதும்னு நம்ம பக்கம் நெனச்சுட்டு இருக்காங்க பாரு, அது தப்பு. 2008ல சமீரா கோலி கேஸ்னு சுப்ரீம் கோர்ட்ல ஒரு தீர்ப்பு, அந்தம்மா மயக்கத்துல இருக்கறப்ப வெளிய இருந்த அவங்க அம்மாட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. உயிருக்கு அப்ப ஆபத்து இல்ல, கண்ணு முழிக்கற வரைக்கும் பொறுத்து அவங்களையே கேட்டிருக்கலாம், அம்மா குடுத்த சம்மதம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த அப்பாருக்கு புத்தி தெளிவா இருக்குது, அல்சர்னு நெனச்சுட்டு கீமோக்கு தலையாட்டுனா அது என்ன சம்மதம்? தோட்டத்த யாரு பேருக்கு எழுதறது, பேத்தி கல்யாணத்த சீக்கிரம் வெச்சுப்போடலாமான்னு அவரும் யோசிக்கோணுமல்ல. அதனால கீமோக்கு முன்னாடியே பையன கூப்ட்டு பேசச் சொல்லி இன்சார்ஜ் மூலமா டாக்டர்ட்ட கேளு. அப்பாருகிட்ட சொல்றப்ப நீயும் பக்கத்துலயே இரு, டாக்டர் ரவுண்ட்ஸ் போனதுக்கப்புறம் கேள்வியெல்லாம் உங்கிட்டதான் வரும்.

கேள்வி: எங்கூட டூட்டி பாக்கற புள்ள யூ-100 இன்சுலின யூ-40 சிரிஞ்ச்ல எடுத்து போட்டுருச்சு, பேஷண்டுக்கு சுகர் இறங்கி டெக்ஸ்ட்ரோஸ் போட்டு சரியாயிட்டாரு. ஆடிட் வருது, கேஸ் ஷீட்ல எழுத வேண்டாம்ங்கறாங்க இன்சார்ஜ். - திருப்பூர் வாசகி

பதில்: எழுதித்தான் ஆகோணும். யூ-100ன்னா ஒரு மில்லில நூறு யூனிட் மருந்து, யூ-40 சிரிஞ்ச்ல ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட்னு கோடு போட்டிருக்கும், அதனால பத்துன்னு எடுத்தது இருபத்தஞ்சு யூனிட்டா போயிருக்கும், ரெண்டரை மடங்கு! அது தெரியாம அடுத்த ஷிஃப்ட் டாக்டர் சுகர் ஏன் இறங்குச்சுன்னு புரியாம டோஸையே மாத்தி எழுதிட்டாருன்னா? டாக்டருக்கு உடனே தெரியணும், பேஷண்ட்டுக்கும் டாக்டர் சொல்லணும். ஆடிட்டுக்கு பயந்து மறைக்கறதுதான் வேடிக்கை, ஆஸ்பத்திரிக்கு தரச் சான்று குடுக்கற என்ஏபிஹெச்காரங்களே, நடந்த தப்ப எழுதி வெக்கற இன்சிடென்ட் ரிப்போர்ட் எங்கன்னுதான் கேப்பாங்க, ஒண்ணுமே இல்லாத ரிஜிஸ்டர பாத்தா அவங்களுக்கு சந்தேகம்தான் வரும். அந்தப் புள்ளய திட்டறத விட, சிவப்பு மூடி யூ-40ம் ஆரஞ்சு மூடி யூ-100ம் ஒரே ட்ரேல எப்படி கெடந்துச்சுன்னு பாருங்க.

கேள்வி: ஊர்ல யாரு அட்மிட் ஆனாலும் பெரியம்மா எனக்கு போன் போட்டு என்ன நோவுன்னு கேக்கறாங்க. - கோபி

பதில்: 'சொல்லக்கூடாதுங்க பெரிம்மா'ன்னு சொல்லிரு. எச்ஐவின்னா அதுக்குன்னே 2017ல தனிச்சட்டம் போட்டாங்க, அவங்க எழுதிக் குடுத்த சம்மதம் இல்லாம வெளிய விடக்கூடாது, மத்த நோவுக்கும் நம்ம வாய் அப்படித்தான் இருக்கோணும். பெரியம்மா கொஞ்ச நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க, வெச்சுக்கட்டும்.